மார்கரெட் தெரு தேவாலயத்துக்குப் போகும் முன்

அன்புள்ள மகளுக்கு,

லண்டனில் விக்டோரியா காலத்துத் தேவாலயம் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் கிடைத்தாலும், மார்கரெட் தெருவில் இருக்கும் ஆல் செயின்ட்ஸுக்குப் போ. ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடைதான். வில்லியம் பட்டர்ஃபீல்டு என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. 1850இல் தொடங்கி 1859இல் பிரதிஷ்டை ஆனது.

வெயில் உள்ள நாளாகப் பார்த்து மத்தியானம் போ. சுற்றிலும் கட்டடங்கள் நெருக்குவதால் உள்ளே வெளிச்சம் குறைவு. பலிபீடத்துக்குப் பின்னால் ஜன்னலே கிடையாது. குளிர்காலத்தில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வாசல் பலகையில் திருப்பலி நேரத்தைப் பார்த்துக்கொள். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கக் கூடாது. செருப்பைக் கழற்ற வேண்டாம், அங்கே அந்த வழக்கம் இல்லை.

முற்றத்தில் நின்று முதலில் செங்கல்லைப் பார். இளஞ்சிவப்புச் சுவரில் ஓடும் கறுப்புப் பட்டைகள் பூச்சு அல்ல, வேறு நிறச் செங்கல்லை வைத்துக் கட்டியவை. செங்கல் என்றால் மலிவு என்று நினைத்துவிடாதே. இந்தச் செங்கல்லுக்குக் கல்லைவிட அதிகம் செலவானது. கோபுரத்தின் உயரம் 227 அடி. இடமோ சின்னது, அதனால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

உள்ளே போனதும் நடக்க ஆரம்பிக்காதே. பின் வரிசையில் பத்து நிமிடம் சும்மா உட்கார். வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கண் பழகப் பழகத் தூண்களின் மெருகேற்றிய கிரானைட், அவற்றின் தலைப்பில் செதுக்கிய அலபாஸ்டர் என்ற மென்மையான வெள்ளைக் கல், சுவரில் பதித்த பளிங்குக் கோலங்கள் என்று ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

பிறகு வடக்குச் சுவர். இதற்குத்தான் அதிக நேரம் வைத்துக்கொள். 1873இல் பதித்த, சுட்ட வண்ண ஓடுகளால் ஆன சித்திரம் அது: பட்டர்ஃபீல்டு வடிவமைத்தார், அலெக்சாண்டர் கிப்ஸ் தீட்டினார், ஹென்றி பூல் நிறுவனத்தார் சூளையில் சுட்டார்கள். நடுவில் இயேசு பிறப்பு. இருபுறமும் பழைய ஏற்பாட்டு மாந்தரும் ஆதித் திருச்சபைத் தந்தையரும். நேர் எதிரே நின்றால் மெருகில் விளக்கு பிரதிபலித்து முகங்கள் மறையும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பார். ஃபிளாஷ் போட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளிதான் விழும், போடாதே.

அங்கிருந்து பலிபீடத்தின் பின்சுவருக்குத் திரும்பு. அங்கே முதலில் வில்லியம் டைஸ் சுவரோவியம் தீட்டியிருந்தார். நகரத்துப் புகையிலும் ஈரத்திலும் அது கெட்டுப்போனது. இன்று நீ பார்ப்பவை, 1909இல் நினியன் காம்பர் தங்கப்பூச்சுப் பலகைகளில் திரும்பத் தீட்டிப் பொருத்தியவை. சுவர்மேல் தீட்டியது ஐம்பது ஆண்டு தாங்கவில்லை. சுட்ட ஓடும் பதித்த கல்லும் அப்படியே நிற்கின்றன. நிறம் பொருளிலேயே இருக்க வேண்டும் என்று பட்டர்ஃபீல்டு பிடிவாதம் பிடித்தது எவ்வளவு சரி என்பதை இந்த இரண்டு சுவர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

மேற்கு ஜன்னலை மூன்று மணிக்கு மேல் பார். சாயும் வெயில் அதில்தான் விழும். இங்கிலாந்தின் வெல்ஸ் நகரப் பேராலயத்தில், ஈசாயிலிருந்து இயேசு வரையிலான வம்சத்தை மரமாகக் காட்டும் ‘ஈசாய் மர’ ஜன்னல் இருக்கிறது. அதை ஒட்டி 1877இல் கிப்ஸ் செய்தது இது. தென்மேற்கு மூலையில் ஞானஸ்நானப் பகுதி. அதன் கூரையில், இயேசுவின் தியாகத்துக்கு அடையாளமாக, தன் ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடாவின் படம் இருக்கிறது. தலையைத் தூக்காதவர்களுக்குத் தெரியாது. சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் எடுத்துப் போ.

கிளம்பும்போது காணிக்கைப் பெட்டியில் ஏதாவது போடு. வடக்குச் சுவரில் எந்த முகம் பிடித்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா