விடைக்குறிப்பில் இல்லாத சரியான விடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பின் தொகை நுண்கணித விடைத்தாள்களைத் திருத்தும்போது, விடைக்குறிப்பில் உள்ள வடிவத்தோடு ஒத்துப்போகாத விடையைத் தவறென்று அடித்துவிடும் வழக்கம் சில பள்ளிகளில் இன்னும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சைன் எக்ஸையும் கொசைன் எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால், அதாவது எந்தச் சார்பை வகையிட்டால் அந்தப் பெருக்கல் கிடைக்கும் என்று காணச் சொன்னால், சைனைப் பிரதியிடும் மாணவிக்குச் சைன் வர்க்கத்தின் பாதி கிடைக்கும். கொசைனைப் பிரதியிடுபவருக்குக் கொசைன் வர்க்கத்தின் பாதி கழித்தல் குறியுடன் வரும். இரட்டைக் கோண வாய்பாட்டில் தொடங்குபவரோ கொசைன் 2எக்ஸின் கால் பங்கைக் கழித்தல் குறியுடன் எழுதுவார். பார்வைக்கு மூன்றும் வேறு. ஆனால் முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1/2, மூன்றாவதைக் கழித்தால் 1/4 என வெறும் எண்களே மிஞ்சுகின்றன; அந்த வேறுபாடு, விடையின் இறுதியில் கூட்டப்படும், எந்த எண்ணாகவும் இருக்கக்கூடிய தொகையிடல் மாறிலியான 'சி'க்குள் அடங்கிவிடுகிறது. ஐயம் எழுந்தால், மாணவர் எழுதிய விடையை வகையிட்டு, வினாவில் உள்ள சார்பு திரும்ப வருகிறதா என்று பார்த்தால் போதும். அரை நிமிட வேலைதான்.

மாறிலியை எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று எச்சரிப்பதோடு பாடத்தை முடித்துவிடுவதும் சரியன்று. 1/எக்ஸ் என்பதைப் பகுதித் தொகையிடல் முறையில், 1/எக்ஸை ஒரு பகுதியாகவும் 1-ஐ மறு பகுதியாகவும் கொண்டு செய்தால், 1/எக்ஸின் தொகையீடு '1 கூட்டல் அதே தொகையீடு' என்று வந்து நிற்கும். இரு பக்கமும் அதை நீக்கினால் 0 = 1! ஒரு தொகையீடு தனியொரு சார்பன்று, மாறிலியளவில் வேறுபடும் சார்புகளின் முழுத் தொகுதி என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் கணக்கை நான் அறியேன்.

இதே 1/எக்ஸில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே வகைக்கெழுவை (வகையிட்டால் கிடைக்கும் சார்பை) உடைய இரு சார்புகள் மாறிலியளவிலேயே வேறுபடும் என்று இலக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றத்தைக் கொண்டு நிறுவுவது தொடர்ச்சியான ஓர் இடைவெளிக்குள் மட்டுமே செல்லும். 0-இல் 1/எக்ஸ் வரையறுக்கப்படாததால், குறை எண்களின் பக்கம் ஒரு மாறிலியும் மிகை எண்களின் பக்கம் வேறொரு மாறிலியும் இருக்கலாம். இதைத் தேர்வில் கேட்க வேண்டியதில்லை; வகுப்பில் சொல்லலாம்.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள், இத்தகைய வினாக்களின் கீழ் வழக்கமாக வரக்கூடிய மாற்று வடிவங்களையும் அச்சிட்டு, சமானமான எந்த விடைக்கும் முழு மதிப்பெண் வழங்குமாறு ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.