நோட்ஸ் இல்லாமல் ஒரு பாட்டு

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "நோட்ஸ் எதிரில் இல்லாவிட்டால் எனக்கு ஒரு பாட்டும் வாசிக்க வருவதில்லை அப்பா." அன்று பேச்சை மாற்றிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

மேரி லூ வில்லியம்ஸ் என்ற ஜாஸ் பியானோ கலைஞரைச் சில மாதங்களாகக் கேட்டுவருகிறேன். 1910இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்த கறுப்பினப் பெண். மூன்று நான்கு வயதிருக்கும்போது ஒரு நாள் அம்மாவின் மடியில் இருந்தார். அம்மா காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தில் ஏதோ வாசித்து நிறுத்த, குழந்தை கைநீட்டி அதே மெட்டைத் திருப்பி வாசித்தது. பதறிப்போன அம்மா குழந்தையை நழுவவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட ஓடினாராம்.

அதற்குப் பிறகு அந்தத் தாய் செய்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மகளுக்கு ஆசிரியரே வேண்டாம் என்றுவிட்டார். முறையாகப் படித்த பிறகு அந்தத் தாய்க்கே எழுதிவைத்ததை மட்டும்தான் வாசிக்க வந்தது. மனதில் தோன்றுவது விரலுக்கு இறங்காமல் போயிற்று. அது மகளுக்கு நேரக்கூடாது என்று, நல்ல வாத்தியக்காரர்களை வீட்டுக்கு வரவழைத்துக் கேட்கவைத்தார்.

நான் நேர்மாறாகச் செய்தேன். ஐந்து வயதில், தெருவில் போன ஐஸ் வண்டியின் மணியோசையைத் தாத்தாவின் ஆர்மோனியத்தில் ஒற்றை விரலால் தேடிப் பிடித்தாய். அடுத்த வாரமே உன்னைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்தேன். கிரேடு தேர்வுகள், சட்டம் போட்ட சான்றிதழ்கள். சொந்தமாக எதையாவது வாசித்தால் "பாடத்தை வாசி" என்று அதட்டினேன். அந்த அதட்டலுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மேரி லூ எழுத்தை வெறுத்தவர் அல்ல. பிட்ஸ்பர்க்கில் வளர்ந்து, கான்சஸ் சிட்டியில் ஆண்டி கிர்க்கின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல கிர்க் எழுதிக்கொண்டார். பிறகு தானே கற்று, பென்னி குட்மன், டியூக் எலிங்டன் போன்ற பெரிய ஜாஸ் குழுத் தலைவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார். 1945இல் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வோர் இசைத்துண்டு அமைத்தார். காது முதலில், காகிதம் பிறகு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அவர் வீட்டுக்குத் தெலோனியஸ் மங்க், பட் பவல் போன்ற இளம் ஜாஸ் கலைஞர்கள் பியானோ வாசிக்கவும் யோசனை கேட்கவும் வந்துபோவார்கள். அந்தக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார இடம் கிடைத்திருந்தால் என்று ஏங்குகிறேன்.

நீ வாசிப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது என்றாய். மேரி லூவும் 1954இல் பாரிஸில் மேடையிலிருந்து எழுந்து போனார். மூன்று வருடம் மேடையே ஏறவில்லை. பிரார்த்தனையில் ஆழ்ந்தார், போதையில் சிக்கிய இசைக்கலைஞர்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1957இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு மீண்டும் வாசித்தார். அப்போது வயது 47. 1977 முதல் 1981இல் இறக்கும்வரை டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

தாத்தாவின் ஆர்மோனியத்துக்குத் துருத்தியை மாற்றிவிட்டேன். கிரேடு புத்தகங்களைப் பரணில் ஏற்றியாயிற்று. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? ஐஸ் வண்டி இப்போதும் நாலரை மணிக்கு நம் தெருவில் வருகிறது.

அன்புடன்,
அப்பா