எல்லாவற்றுக்கும் ஒரே கனம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடை நாடகத்துக்கான கௌபாய் துப்பாக்கி உறையையும் தோட்டா பெல்ட்டையும் வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் முறை, தங்கள் ஞாயிறு இணைப்பின் கைவினைப் பக்கத்தில் வந்திருந்தது. படங்கள் தெளிவு, வெட்டும் அளவுகளும் சரி. ஆனால் தோலைப் பற்றி மட்டும் "10 அவுன்ஸ் தோல் வாங்கிக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். காசும் உழைப்பும் வீணாவது அந்த இடத்தில்தான். அந்தியூரில் மாட்டுக்குச் சலங்கைப் பட்டையும் குதிரைக்குக் கடிவாளம், சேணமும் தைக்கிறவன் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவுன்ஸ் அமெரிக்கக் கணக்கு. ஒரு சதுர அடித் தோல் எத்தனை அவுன்ஸ் நிற்கிறதோ, அதை வைத்தே அதன் தடிமனைச் சொல்லிவிடுவார்கள். ஒரு அவுன்ஸுக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ.; 10 அவுன்ஸ் என்றால் 4 மி.மீ. நம் பக்கத்துக் கடையில் மில்லிமீட்டரில் கேட்டால்தான் சரியான தோல் கைக்கு வரும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கல்லூரித் தம்பி ஒருவர் பட்டறைக்கு வந்தார். "ஏனுங்ணா, தடியா இருந்தாத்தான நின்னு ஒழைக்கும்?" என்றார். அவர் கையில் இருந்தது தடித்த குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. மொத்த வேலையையும் அந்த ஒரே தோலில் முடிக்க நினைத்திருந்தார்.

உறையை எடுத்துக்கொள்வோம். பழைய மெக்சிகன் பாணி உறையில் பையும், அதன் பின்னால் தொங்கும் அகன்ற மடலும் ஒரே துண்டாக வெட்டப்படும். மடலைப் பின்பக்கம் மடக்கி, அதில் கீறிய வளையங்களுக்குள் பையை நுழைத்துவிடுவார்கள். பெல்ட் ஓடுவது அந்த மேல் மடிப்புக்குள். 1873-இல் வந்த, கோல்ட் (Colt) என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரிவால்வர் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதைத் தாங்க 3.2 முதல் 3.6 மி.மீ. வரை போதும். 4 மி.மீ.க்கு மேல் போனால் மடிக்கிற இடத்தில் மயிர்ப்பக்கம் (தோலின் வழவழப்பான மேல்பக்கம்) வெடித்துவிடும், ஈரப்படுத்தி மடித்தாலும் முரண்டு பிடிக்கும். மேடைக்கான இலேசான மாதிரித் துப்பாக்கிக்கு 2.8 மி.மீ. தோலே தாராளம்.

பெல்ட் விஷயம் வேறு. அந்தக் காலத்து தோட்டா பெல்ட்டுகளில் பல, ஒற்றைத் தடித்தோல் அல்ல. 1.6 முதல் 2 மி.மீ. வரையுள்ள மெல்லிய தோலை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைத்திருப்பார்கள். நடுவே கிடைக்கும் குழாய் போன்ற இடத்தில் நாணயத்தைப் போட்டு வைத்துக்கொண்டார்கள். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாட்டு வியாபாரிகள் இடுப்பில் கட்டி வரும் பச்சை பெல்ட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடித்த பெல்ட் உடம்போடு வளைந்து உட்காரும். ஒற்றைத் தோலில் 4 மி.மீ. போட்டால் உட்கார்ந்து எழும்போதெல்லாம் விலாவில் குத்தும். பெல்ட்டுக்கு எப்போதும் முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோலில் வெட்டினால் தோட்டா கனத்திலேயே இழுபட்டு நீண்டுவிடும். அந்த ரிவால்வருக்கான '.45 கோல்ட்' வகைத் தோட்டா ஒன்றே 20 கிராமுக்கு மேல் இருக்கும். இருபத்து நான்கு கோத்தால் அரைக் கிலோ.

தோட்டா செருகும் வளையங்கள்தான் எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை. பெல்ட்டில் இரண்டிரண்டாகக் கீறி, ஒரே நீள வாரை உள்ளும் வெளியுமாகக் கோத்து வளையம் எடுப்பார்கள். இதற்கு 1.6 முதல் 2 மி.மீ. வார் வேண்டும். தடித்த வாராக இருந்தால் கீறலுக்குள் நுழையாது. நுழைத்தாலும் வளையத்துக்கு உருண்டை வடிவம் வராது. தோட்டாக் கூட்டின் விட்டம் 12.2 மி.மீ. கோவையில் எந்த லேத் பட்டறையிலும் அந்த அளவுக்கு மரத்திலோ பித்தளையிலோ மாதிரித் தோட்டா கடைந்து தருவார்கள். வாரை நனைத்து, மாதிரியைச் செருகி, அப்படியே காயவிட வேண்டும். முதலில் இறுக்கமாக இருப்பதே நல்லது, பழகப் பழக இளகும். பித்தளை என்றால் நாடகம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். தோலிலுள்ள துவர்ப்புச் சத்து பட்டுப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும்.

நனைத்து அச்சில் வைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்பது பட்டைத் தோல், அதாவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் மட்டும்தான். குரோம் தோல் மென்மையானது, துவண்டுவிடும். எத்தனை தடிமனாக வாங்கினாலும் உறைக்கு வேண்டிய விறைப்பு வராது. அந்தத் தம்பி கொண்டுவந்த தோலில் பை தைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன், உறை தைக்க மனம் ஒப்பவில்லை. மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ஈரோட்டிலேயே கிடைக்கும்போது நம் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வரவழைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நம் மாட்டுத் தோல் பொதுவாக மெல்லியது. 3.5 மி.மீ. ஒரே கனத்தில் வேண்டுமென்றால் எருமைத் தோலைத்தான் கேட்க வேண்டும். அதன் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருப்பது பிடிக்காதவர்கள், 1.8 மி.மீ. மாட்டுத் தோல் இரண்டைச் சதைப்பக்கம் உள்ளே வரும்படி ஒட்டி, ஓரம் தைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த இரட்டைத் தோல்தான் பிடிக்கும். இழுபடாது, உள்ளேயும் வழவழப்பாக இருக்கும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் உறை, பெல்ட், வளையம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக மில்லிமீட்டர் அளவைப் போட்டு, பட்டைத் தோல் என்பதையும் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு விழாவுக்குத் தோல் வாங்கப் போகும் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தோல் பட்டறைக்காரர்,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்.