நாற்றங்காலில் வேலை செய்ய 25 கிலோமீட்டர் நடக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வனத்துறை வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியதற்கு, "காட்டில் இவர்களால் என்ன செய்ய முடியும்?" என்று இன்னொருவர் கேட்டிருந்ததைத் தங்கள் இதழில் படித்தேன். வனவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் கேள்வியைப் பணிக்காலம் முழுவதும் அலுவலகத்துக்குள்ளேயே பிறர் வாயிலிருந்து கேட்டுப் பழகியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வனக்காப்பாளர் தேர்வுக்கு வரும் ஆண்கள் 25 கிலோமீட்டரையும் பெண்கள் 16 கிலோமீட்டரையும் 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. யானை நடமாட்டமுள்ள பகுதியில் இரவு ரோந்து போகிறவருக்குக் கால் வலு வேண்டும்தான். ஆனால் வனத்துறை என்றாலே ரோந்துதான் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஒரு வேலைக்கான அளவுகோலைக் கொண்டே மற்ற எல்லா வேலைகளையும் அளப்பதுதான் கோளாறு. விதை சேகரிப்பு, நாற்றங்கால், தானியங்கி கேமராக்களில் பதிவாகும் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பிரிப்பது, தீத்தடுப்புக் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் செய்திகளைக் குறித்துவைப்பது, சூழல் சுற்றுலா நுழைவுச்சீட்டு என இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் காட்டைச் சுற்றி நிறைய உண்டு.

நாற்றங்காலை மட்டும் சொல்கிறேன். செம்மண்ணைச் சலித்து, மணலும் தொழு உரமும் கலந்து, பாலித்தீன் பையில் நிரப்பி, தாய்ப்பாத்தியில் முளைத்த கன்றைத் தண்டில் கை படாமல் இலையைப் பிடித்துத் தூக்கி நடுவது வரை எல்லாம் கைவேலை. எங்கள் சரகத்து நாற்றங்காலில் காது கேளாத பெண் ஒருவர் பை நிரப்பினார். பாதி நிரம்பியதும் பையைத் தரையில் இரண்டு தட்டு தட்டி மண்ணை இறுக்கிவிட்டுத்தான் மீதியைப் போடுவார். அவர் நிரப்பிய பைகள் நடவுக்கு லாரியில் ஏற்றும்போது உடைந்து நான் பார்த்ததில்லை. அப்படியிருந்தும், ஆள் கூட்டிவந்த ஒப்பந்ததாரர் அவருக்கு முக்கால் கூலிதான் கொடுத்துவந்தார் என்பது எனக்கே பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மஸ்டர் ரோல் எனப்படும் கூலி வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கேயே போலியோவால் ஒரு கால் சூம்பிய இளைஞர் ஒருவர் இருந்தார். பாத்தி தரையோடு இருந்ததால் குந்தி உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும்; அவரால் அது முடியாது. 'வேலைக்கு ஆகாதவர்' என்று இரண்டே நாளில் அனுப்பப் பார்த்தார்கள். பிறகு கழித்துப்போட்ட சவுக்குக் கம்புகளை வைத்து இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை கட்டி, ரூட் ட்ரெய்னர் எனப்படும், அடியில் துளையுள்ள குழிகள் கொண்ட கன்று வளர்ப்புத் தட்டுகளை அதில் அடுக்கினோம். அந்தத் தட்டுகளை எப்படியும் தரைக்கு மேலேதான் வைக்க வேண்டும். அப்போதுதான் அடித்துளை வழியே இறங்கும் வேர் காற்றுப் பட்டு நின்று, சுருளாமல் பக்கவேர் விடும். கன்றுக்குத் தேவையான உயரமும் அவருக்குத் தேவையான உயரமும் ஒன்றாகவே இருந்தன. செலவு என்று பார்த்தால் ஆணியும் கட்டுக்கம்பியும்தான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 34இன்படி அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் நாற்றங்கால் தினக்கூலிக்குப் 'பணியிடம்' என்ற பெயரே கிடையாது; ஆகவே எங்கள் அலுவலகங்களில் அந்த ஒதுக்கீட்டைப் பற்றிய பேச்சே எழுந்ததில்லை. அதே சட்டத்தின் பிரிவு 37, வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வளர்ச்சித் திட்டங்களிலும் 5 விழுக்காட்டை, பெண்களுக்கு முன்னுரிமையோடு, ஒதுக்கச் சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதற்காக 2022இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வளர்ச்சித் திட்டம் அல்லாமல் வேறென்ன? அதற்காகக் கன்று வளர்க்கும் ஒவ்வொரு நாற்றங்காலிலும் இந்த 5 விழுக்காட்டை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதி, கூலியை ஒப்பந்ததாரர் கை படாமல் நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தலாம்.

இன்னொன்றும் உண்டு. பணியிலிருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது பிரிவு 20. ஆனால் யானை தூக்கி எறிந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர், ஒப்பந்தப் பணியாளர் என்ற ஒரே காரணத்தால் மறு ஆண்டு பட்டியலில் இல்லாமல் போனதை நான் கண்டிருக்கிறேன். மலைச்சரிவின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த மனிதர் அவர். கேமராப் படங்களைப் பிரிக்கும் மேசையில் அவரை உட்கார வைத்திருந்தால், பட்டம் பெற்று வருகிற பயிற்சியாளர்களுக்கு ஒரு மாதம் பிடிக்கும் வேலையை ஒரு வாரத்தில் முடித்திருப்பார். இப்படிக் காயம்பட்ட ஒப்பந்தக் காவலர்களைச் சரகவாரியாகக் கணக்கெடுத்து, அவர்களுக்கு மாற்றுப்பணி வழங்க வனத்துறை ஆணையிட வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனவர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.