சுருக்கப்பெயரில் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிரலில் வரும் யுஆர்எல், எச்டிஎம்எல் போன்ற சுருக்கப்பெயர்களை எப்போதும் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும்படி உங்கள் கணினிப் பயிற்சிப் பகுதி சொல்கிறது. கோ மொழிக்கு இது பொருந்தும். பைத்தானில் வகுப்புப் (கிளாஸ்) பெயர்களுக்கு அதன் நடைக்கையேடான பெப் 8 சொல்வதும் இதுதான். ஆனால் ரஸ்ட் மொழியில் நிரலைச் சோதிக்கும் கருவியான கிளிப்பி எச்சரிக்கும், கூகுளின் ஜாவா நடைக்கையேடும் ஏற்காது. சி ஷார்ப்பில் இரண்டெழுத்து என்றால் இரண்டும் பெரிது, மூன்றோ அதற்கு மேலோ என்றால் முதல் எழுத்து மட்டும். விதிவிலக்காக ஐடி, ஓகே இரண்டிலும் இரண்டாவது எழுத்து சிறிதாக வரும்.

இரண்டு சுருக்கப்பெயர்கள் ஒட்டும் இடத்தில்தான் வம்பு. யுபிஐ ஐடி-க்கு ஒரு வகுப்பு எழுதினால் ஐந்து எழுத்தும் பெரிதாகி, நடுவில் இரண்டு ‘ஐ’ ஒட்டி நிற்கும். எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ‘யு’வும் இரண்டாவது ‘ஐ’யும் மட்டும் பெரிதானால் சட்டென்று பிரிந்து தெரியும்.

கருவிகள் இன்னும் தடுமாறும். பெரிய எழுத்தைக் கண்டதும் அடிக்கோடு போட்டுச் சொற்களைப் பிரிக்கும் எளிய ரெகெக்ஸ் (எழுத்துக் கோவைகளைத் தேடும் வடிவம்), எச்டிஎம்எல்-ஐ நான்கு துண்டாக்கிவிடும். ஜாவாவில் ‘கெட் யுஆர்எல் பாத்’ என்ற மெத்தட் (செயற்கூறு) இருந்தால், தரவை ஜேசான் வடிவத்துக்கு மாற்றும் ஜாக்சன் நிரலகம் ‘கெட்’டை நீக்கிவிட்டு முன்னால் வரிசையாக நிற்கும் பெரிய எழுத்துகள் எல்லாவற்றையும் சிறிதாக்கும். பாத்தின் ‘பி’யும் அதில் அடிபடும். பெரிய ‘பி’யோடு தேடும் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது அன்டிஃபைன்ட், அதாவது ‘மதிப்பு இல்லை’. அந்த வரியில் பிழைச்செய்தி வராததால், கோளாறு வேறெங்கோ வெடிக்கும்.

உலாவியில் உள்ள ‘எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட்’ என்ற பெயரில் முதல் சுருக்கம் முழுக்கப் பெரிது, அடுத்ததில் முதலெழுத்து மட்டும். ஒரே பெயரில் இரண்டு விதி! இனி அதை மாற்றவும் வழியில்லை.

பழைய நிரலைத் திருத்துவோர் கவனிக்க: விண்டோஸிலும் மேக்கிலும் கோப்புப் பெயரில் பெரிய, சிறிய எழுத்தை மட்டும் மாற்றினால், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உங்கள் கணினியில் ஓடும். பெரிய, சிறிய எழுத்தை வேறாகப் பார்க்கும் லினக்ஸ் சர்வரில் பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) உடையும். கிட் எம்வி என்ற கட்டளையால் முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கும், பிறகு சரியான பெயருக்கும் மாற்றுங்கள். வெளியே போகும் ஜேசான் பெயர்களைத் தொடாதீர்கள். பழைய பெயரை அனோட்டேஷனில் (நிரலில் சேர்க்கும் குறிப்பில்) அப்படியே எழுதிவிடுங்கள். ஜாவாவில் செக்ஸ்டைல் என்ற கருவி சுருக்கப்பெயர்களின் பெரிய எழுத்துகளைச் சோதிக்கும், ஆனால் அனுமதிக்கும் சுருக்க நீளம் அதில் இயல்பாக 3. அதை 0 ஆக்கினால் யுஆர்எல் பாத் போன்றவை பிடிபடும்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர், கோவை