பவளத்தின் மேல் நங்கூரமா?

ஆசிரியருக்கு,

போன மாதம் அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்தேன். இறங்கியதும் காதடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார்கள், அப்புறம் சரியாகிவிட்டது. பூப் போலிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரினத்துக்குள் ஒரு கோமாளி மீன் தலையை நீட்டுவதும் ஒளிவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் எங்கள் படகுக்காரர் நங்கூரத்தைப் பவளப்பாறை மேலேயே போட்டார். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது, அது உயிருள்ள பாறை. கடலில் நிலையாக நிறுத்திய மிதவையில் படகைக் கட்டினால் என்ன?

நம் ஊர்ப் பக்கக் கடற்கரையில் இருக்கும் மனோரா கோபுரத்துப் பக்கமும் சுற்றுலாப் படகு விடலாமே என்று டீக்கடையில் பேசுகிறார்கள். சரி, விடட்டும். ஆனால் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கடல்பசு மேய்வது கடல்புல்லை. நங்கூரம் இழுபட்டால் அது வேரோடு வந்துவிடும். முதலில் மிதவை, பிறகு படகு.

- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை