பாலைவனத்திலிருந்து திரும்பி, அக்காவுக்கு

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
16 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அத்தானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? நான் போயிருந்த பர்னிங் மேன் திருவிழாவில் 70 ஆயிரம் பேர் பாலைவனச் சேற்றில் சிக்கிக்கொண்டார்கள் என்று டிவியில் பார்த்துவிட்டு அம்மா தூங்கவே இல்லை என்றாய். போனில் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"கூத்தும் குடியுமான இடமாமே, அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்டாய். குடி உண்டு. துணியில்லாமல் திரிகிறவர்களும் உண்டு. உன்னிடம் மறைப்பதற்கில்லை. ஆனால் நான் பார்த்தது அது மட்டுமில்லை, அக்கா.

பர்னிங் மேன் என்றால் எரியும் மனிதன். 1986-ல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வி என்பவரும் ஜெர்ரி ஜேம்ஸ் என்ற நண்பரும் எட்டடி உயரத்துக்கு ஒரு மர மனிதனைச் செய்து கொளுத்தினார்கள். அதில் தொடங்கியது. 1990-ல் நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரீனோ நகரத்தைத் தாண்டி, பையூட் பழங்குடி மக்களின் நிலத்தின் வழியாக வடக்கே போய், கெர்லாக் என்ற சின்ன ஊரையும் கடந்தால் வருகிறது. ஆதியில் பெரிய ஏரியாம். இப்போது புல் பூண்டு இல்லாத வெள்ளைத் தரை. அந்தப் புழுதியில், சோடா உப்பு மாதிரி, காரத்தன்மை அதிகம். பாதம் வெடித்துவிடும். வினிகர் கலந்த தண்ணீரில் கழுவினால்தான் எரிச்சல் அடங்கும்.

ஆகஸ்ட் கடைசியில் அங்கே ஒரு நகரமே எழும்புகிறது. நடுவிலிருந்து விரியும் தெருக்களுக்குக் கடிகார மணிகளே பெயர்: இரண்டு மணி முதல் பத்து மணி வரை. எங்கள் கூடாரம் ஏழரை மணித் தெருவில். நடுவில் மர மனிதன். சுற்றிலும் வெட்டவெளியில், மாதக்கணக்கில் உழைத்துச் செய்த சிற்பங்கள். ஐஸ்கட்டி தவிர எதுவும் விலைக்குக் கிடையாது. பண்டமாற்றும் இல்லை, கொடுப்பது மட்டும்தான். என் சைக்கிள் செயின் அறுந்தபோது, கொளுத்தும் வெயிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். நான் நீட்டிய பழத்தைக்கூட வாங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எதற்கும் பில்லைப் பார்த்தே பழகிய எனக்கு, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதல் சில நாள் இதெல்லாம் அழகான விளையாட்டாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. அந்த மண் நனைந்தால் களிமண். செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. வண்டி ஓட்டத் தடை. வாசலை மூடிவிட்டார்கள். கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் லாரிகூட வர முடியவில்லை. "உணவையும் தண்ணீரையும் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பு. அன்று இரவு ஜனங்கள் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய் "தண்ணீர் இருக்கிறதா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். நான் நீ அனுப்பிய பொடியில் பெரிய பாத்திரம் நிறைய ரசம் வைத்தேன். பெயர் தெரியாதவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து குடித்தார்கள். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் நான் சொந்த வீட்டில் இருப்பதுபோல உணர்ந்தது அன்றைக்குத்தான்.

இனி எழுதுவதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல். அங்கே ஒரு கோயில் உண்டு. சாமி கிடையாது. 2000-ல் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி, இறந்துபோன நண்பனின் நினைவாக மரத்தில் கட்டிய பிறகு, வருஷாவருஷம் ஒன்று கட்டுகிறார்கள். செத்துப்போனவர்களின் பெயரை அதன் சுவரில் எழுதுகிறார்கள், படம் ஒட்டுகிறார்கள், சாம்பலைக்கூடக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நான் அப்பா பெயரைத் தமிழில் எழுதினேன். பக்கத்தில் யாரோ தன் குழந்தைக்கு எழுதியிருந்த கடிதம். கொரோனா நேரத்தில் விமானம் இல்லாமல், சித்தப்பா மகன் கொள்ளி வைத்ததை நான் செல்போனில்தானே பார்த்தேன். அது நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது, அக்கா. உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

மழையால் தள்ளிப்போய் மர மனிதனைத் திங்கட்கிழமை எரித்தார்கள். அதற்கு ஒரே ஆட்டம், பாட்டம். செவ்வாய் இரவு கோயிலை எரித்தபோது யாரும் சத்தம் போடவில்லை. ஏராளமானவர்கள் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். நான் இருந்தேன். வாய்விட்டு அழுதேன். தெரியாத ஒரு அம்மா என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள், எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது நம் குப்பையை நாமே அள்ளிக்கொண்டு போகவேண்டும். ஒரு நூல்கூடத் தரையில் கிடக்கக் கூடாது. சேற்றில் புதைந்ததைத் தோண்டி எடுத்தோம். சிலர் அப்படியே போட்டுவிட்டுப் போனதைப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது.

தை அமாவாசையை ஒட்டி லீவு கேட்டிருக்கிறேன். பாபநாசம் ஆற்றங்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் என் கையால் விடவேண்டும். நீயும் அம்மாவும் கூட வரவேண்டும். சென்னையிலிருந்து ரயில் டிக்கெட்டை அத்தான் முன்கூட்டியே போட்டுவிட்டால் நல்லது. தேதி உறுதியானதும் கூப்பிடுகிறேன். ரசப்பொடி தீர்ந்துவிட்டது, வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி